டெர்பி ஸ்கேட்டின் தரமும் பொருத்தமும்: முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: ரோலர் டெர்பி (ஸ்கேட் போட்டு, எதிரணியை முட்டித் தள்ளி ஆடும் ஆட்டம்) பயிற்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். இரண்டு ஜோடி ஸ்கேட் கைக்கு வந்திருக்கிறது. முதல் ஜோடி தோல் பூட், நைலான் பிளேட் (பூட்டின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்). போட்டு நின்றால் விரல் நுனி முன்னால் தொடுகிறது, பக்கவாட்டில் கொஞ்சம் இறுக்கம். இரண்டாவது ஜோடி அரை அளவு பெரியது, அலுமினியம் பிளேட், கையால் தட்டிவிட்டால் சக்கரம் நெடுநேரம் சுற்றுகிறது, போட்டதுமே சுகமாக இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, தரத்தை எதைக்கொண்டு முடிவு செய்வது என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் ஜோடிதான் உங்களுடையது என்று தோன்றுகிறது. ஆனால் கால் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கீழே எழுதியிருப்பது அதைப் பார்க்கும் வழி. புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: முதலில் பூட், அதுவும் காலோடு பூட் எப்படி உட்காருகிறது என்பது. அடுத்து பிளேட். சக்கரமும் பேரிங்கும் கடைசி. கடையில் கண்ணைக் கவர்வது இதற்கு நேர்மாறான வரிசையில் இருக்கும். சக்கரத்தின் நிறம் முதலில் தெரியும், பூட்டின் குதிகால் எவ்வளவு உறுதி என்பது தெரியவே தெரியாது.

டெர்பி ஸ்கேட்டிடம் என்ன கேட்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு ஜாம், அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்று, அதிகபட்சம் 2 நிமிடம். ஒவ்வொரு அணியிலும் புள்ளி எடுக்கும் ஒரு ஜாமர், தடுத்து ஆடும் நான்கு பிளாக்கர்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குள் பக்கவாட்டில் தள்ளுகிறீர்கள், தள்ளப்படுகிறீர்கள், கால்களை அகட்டிச் சக்கரத்தை உரசவிட்டு நிற்கிறீர்கள், ஸ்கேட்டின் முன்னால் இருக்கும் ரப்பர் தடுப்பான டோ ஸ்டாப்பின் மேல் ஏறி ஓடுகிறீர்கள், முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே பின்னோக்கித் திரும்புகிறீர்கள். நேராக உருண்டு போகும் நேரம் குறைவு, பக்கவாட்டு விசைதான் அதிகம். அந்த விசை காலிலிருந்து பூட்டுக்கும், பூட்டிலிருந்து பிளேட்டுக்கும், பிளேட்டிலிருந்து டிரக் (சக்கரத் தண்டான ஆக்சிலைத் தாங்கும் பகுதி) வழியாகச் சக்கரத்துக்கும் போகிறது. பூட்டுக்குள் கால் அரை சென்டிமீட்டர் நழுவினால், நீங்கள் திரும்ப நினைத்த பிறகு அந்த அரை சென்டிமீட்டரைக் கடந்துதான் ஸ்கேட் திரும்பும். எவ்வளவு விலையுள்ள பிளேட் போட்டாலும் இந்தத் தாமதத்தைச் சரிசெய்ய முடியாது. பெரிய பூட்டை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி அளவு. வழக்கமாகப் போடும் ஷூவின் எண்ணை நம்ப வேண்டாம். ஓடுவதற்கான ஷூவை எல்லோரும் முன்னால் ஒரு விரல்கடை இடம் விட்டே வாங்குகிறார்கள், அந்த இடம் ஸ்கேட்டில் இருக்கக் கூடாது. அதோடு, டெர்பி பூட் செய்யும் அமெரிக்க நிறுவனங்கள் சில ஆண்கள் அளவில் எண்ணிடுகின்றன, ஐரோப்பிய எண் போடுபவர்களும் உண்டு. ஒரே எண் இரண்டு நிறுவனங்களில் இரண்டு நீளமாக இருக்கும். சென்டிமீட்டரில் அளப்பதுதான் பாதுகாப்பு. மாலையில் அளங்கள், நாள் முழுதும் நடந்த கால் கொஞ்சம் பருத்திருக்கும். சுவரில் குதிகால் ஒட்டும்படி ஒரு தாளின் மேல் நின்று, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு, மிக நீளமான விரலின் நுனியைக் குறிக்க வேண்டும். சிலருக்கு அது பெருவிரல் இல்லை, இரண்டாம் விரல். முன்பாதத்தின் அகலமான இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். அநேகமாக எல்லோருக்கும் ஒரு கால் கொஞ்சம் பெரியது, அளவு அதற்குத்தான் பார்க்க வேண்டும். இதை நிறுவனத்தின் சென்டிமீட்டர் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

அகலத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. பூட் இறுக்கமாக இருந்தால் உடனே நீளத்தைக் கூட்டிவிடுகிறார்கள். அகலமான பாதம் உள்ளவர் ஒரு அளவு பெரிய பூட் போட்டால் முன்பாதம் சுகப்படும், ஆனால் குதிகால் உள்ளே ஆடும், விரலுக்கு முன்னால் வெற்றிடம் கிடக்கும். அவருக்கு வேண்டியது அதே நீளத்தில் அகலம் கூடிய பூட். நல்ல நிறுவனங்கள் ஒரே நீளத்தைப் பல அகலங்களில் செய்கின்றன. முன்பாதம் அகலமாகவும் குதிகால் ஒடுக்கமாகவும் இருப்பவர்களுக்கு, இரண்டு இடத்திலும் வெவ்வேறு அகலம் வைத்த பூட்டும் கிடைக்கும். பூட்டுக்குள் பாதத்துக்கு அடியில் கிடக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நின்று பாருங்கள். பாதத்தின் சதை இருபுறமும் இன்சோலைத் தாண்டி நன்றாக வழிந்தால் அந்த அகலம் உங்களுக்குப் போதாது. ஓரத்தில் லேசாகத் தாண்டினால் பரவாயில்லை.

இப்போது போட்டுப் பார்க்கும் கட்டம். பயிற்சியில் போடப்போகும் மெல்லிய சாக்ஸையே போடுங்கள். தடித்த சாக்ஸ் போட்டு அளவு பார்த்தால் பூட் பெரிதாகத்தான் அமையும். லேஸை அடிவரை தளர்த்திவிட்டுக் காலை நுழைத்து, குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டி, குதிகால் பின்சுவரில் போய் உட்கார்ந்த பிறகு கட்டத் தொடங்குங்கள். விரல் பக்கம் மிதமாக, பாதமும் கணுக்காலும் சேரும் மடிப்பில் நன்றாக இறுக்கி, அதற்கு மேலே மறுபடி மிதமாக. எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில் இழுத்துக் கட்டுவதுதான் புறங்கால் வலிப்பதற்கும் விரல் மரத்துப்போவதற்கும் பாதி காரணம்.

நேராக நிமிர்ந்து நின்றால் விரல் நுனி பூட்டின் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். இதை உணர்ந்ததும் 'சின்னதாக இருக்கிறது' என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள் பலர். இன்னும் கொஞ்சம் பொறுங்கள். முழங்காலை மடக்கி, இடுப்பைக் கீழே இறக்கி, நெஞ்சை நிமிர்த்தி, விளையாடும்போது நிற்பது போல நில்லுங்கள். குதிகால் பின்னால் நகர்ந்து உட்காரும், விரல் முன்சுவரிலிருந்து விலகும். இந்த நிலையில் விரல்கள் நீட்டிப் படுத்திருந்தால், தொட்டும் தொடாமலும் இருந்தால், நீளம் சரி. இந்த நிலையிலும் விரல் மடங்கியே இருந்தாலோ நகம் அழுந்தினாலோ பூட் உண்மையிலேயே சின்னது. நிமிர்ந்து நிற்கும்போதே விரலை முன்னும் பின்னும் தாராளமாக ஆட்ட முடிகிறது என்றால் பெரியது. டெர்பி ஆடுபவர் ஸ்கேட்டின் மேல் நிமிர்ந்து நிற்கும் நேரம் சொற்பம். எனவே நிமிர்ந்து நிற்கும்போது கிடைக்கும் சுகத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து குதிகால். அதே மடக்கிய நிலையில் ஒரு காலின் டோ ஸ்டாப்பில் எடையைப் போட்டுக் குதிகாலை மேலே தூக்குங்கள். பூட்டின் குதிகாலும் உங்கள் குதிகாலும் ஒன்றாக எழ வேண்டும். பூட் கீழே தங்கி, கால் மட்டும் உள்ளே மேலேறினால் முதலில் லேஸை மாற்றிக் கட்டிப் பாருங்கள். மேலே உள்ள இரண்டு துளைகளில் லேஸால் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும். அப்படியும் எழுந்தால் அந்தப் பூட்டின் குதிகால் உங்களுக்கு அகலம். மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் இந்தக் குறையை நான் விடமாட்டேன், ஏனென்றால் டோ ஸ்டாப்பில் ஓடும் ஒவ்வொரு அடியிலும் அது வரும், கொப்புளமும் கூடவே வரும். பிறகு கால்களை அகட்டி, ஒரு காலின் உள்விளிம்பில் எடை போட்டுப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பூட்டுக்குள் பாதம் சரிந்து வெளிச்சுவரில் மோதுகிறதா, பூட்டோடு சேர்ந்தே சாய்கிறதா என்பது அந்த ஒரு தள்ளலிலேயே தெரிந்துவிடும்.

போட்ட பூட்டை உடனே கழற்ற வேண்டாம். 15, 20 நிமிடம் அப்படியே நின்றும் மடங்கியும் இருங்கள். முதல் நிமிடத்தில் வரும் இறுக்கமும் பதினைந்தாவது நிமிடத்தில் வரும் வலியும் வேறு வேறு. எல்லாப் பக்கமும் சமமாகப் பிடித்திருக்கும் உணர்வு நல்லது. ஒரே புள்ளியில் குத்துவது, எரிவது, சூடேறுவது நல்லதில்லை. கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். பரவலாகச் சிவந்து சற்று நேரத்தில் மறைந்தால் கவலை வேண்டாம். சுண்டுவிரல் மூட்டிலோ, பெருவிரல் மூட்டிலோ, கணுக்கால் எலும்பிலோ ஒரே இடத்தில் ஆழமான தடம் விழுந்து நெடுநேரம் நின்றால் அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

இங்கே தோலும் செயற்கைப் பொருளும் வேறுபடுகின்றன. தோல் பூட் பக்கவாட்டில் விரியும், சுண்டுவிரல் பக்கத்து இறுக்கம் சில வாரப் பயிற்சியில் தளரும். நீளத்தில் விரியாது. எனவே அகலத்தில் லேசான இறுக்கத்தோடு தோல் பூட் வாங்கலாம், நீளத்தில் வாங்கக் கூடாது. வினைல் போன்ற செயற்கைப் பொருள் பெரிதாக விரியாது. இன்று எப்படி இருக்கிறதோ, அடுத்த வருடமும் கிட்டத்தட்ட அப்படித்தான். கண்ணாடியிழையோ கார்பனோ வைத்த அடிப்பாகத்தோடு வரும் பூட்களில் சில, அடுப்பில் குறிப்பிட்ட சூட்டில் வைத்துக் காலில் போட்டு வடிவம் மாற்றிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. நிறுவனம் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும், அது சொன்ன வெப்பநிலையில் மட்டும் செய்யுங்கள். நிறுவனம் சொல்லாத தோல் பூட்டைச் சூடாக்கினால் பசை விட்டுப்போகலாம்.

வலிகளில் ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் நிறையப் பேர் நல்ல பூட்டைத் தள்ளிவிடுகிறார்கள். உள்ளங்கால் வளைவில் எரிச்சலும் பிடிப்பும் புதியவர்கள் பலருக்கும் வரும். சமநிலைக்காகக் கால்விரல்கள் தாமாகவே மடங்கித் தரையைப் பற்றப் பார்க்கின்றன, அந்தத் தசைகள் அதுவரை அப்படி உழைத்ததில்லை. பூட் பெரிதாக இருந்தால் விரல்கள் இன்னும் கெட்டியாகப் பற்றும், வலி கூடும். எனவே வளைவு வலிக்கிறது என்று பெரிய பூட்டுக்கு மாறினால் வலி அதிகமாகத்தான் ஆகும். பழகப் பழகக் குறையும் வலி தசை வலி. குறையாவிட்டால் வளைவைத் தாங்கும் இன்சோல் ஒன்று வைத்துப் பாருங்கள். மரத்துப்போவது, மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீரென்பது வேறு கதை. அது நரம்போ இரத்த ஓட்டமோ அழுந்துவதன் அறிகுறி. லேஸில் அழுந்தும் இடத்துத் துளையை மட்டும் விட்டுவிட்டுக் கட்டிப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் அந்தப் பூட் வேண்டாம். சகித்துக்கொண்டு பழக வேண்டிய வலி இல்லை அது. கூடவே ஒன்று: இன்சோல் வைத்துப் பூட்டின் உயரத்தையும் கொள்ளளவையும் குறைக்கலாம். நீளத்தைக் குறைக்க எந்த இன்சோலாலும் முடியாது.

பூட்டின் தரத்துக்கு வருவோம். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியை இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அது எளிதில் உள்ளே போகக் கூடாது, அந்த உறுதிதான் உங்கள் குதிகாலை நேராக நிறுத்துகிறது. அதே நேரம் கணுக்கால் மடிப்பு முன்னோக்கி மடங்க வேண்டும், இல்லாவிட்டால் தாழ்ந்து நிற்க முடியாது. டெர்பி பூட்கள் பெரும்பாலும் கணுக்காலுக்குச் சற்றுக் கீழேயோ அதை ஒட்டியோ முடிவதும் இதற்காகத்தான். கலை ஸ்கேட்டிங்குக்கான உயரமான ஆர்டிஸ்டிக் பூட்டிலும் ஆடலாம், ஆனால் ஆழமாக மடங்கும்போது அது முன்னெலும்பில் இடிக்கும். அடிப்பாகத்தைப் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். நடுப்பகுதி சுலபமாகத் திருகினால் தள்ளும் விசை அங்கேயே வீணாகும். தையலும் அடிப்பாகம் ஒட்டிய விளிம்பும் சீராக இருக்கிறதா, லேஸ் துளைகளின் உலோக வளையம் உறுதியாக இருக்கிறதா, விரல் பகுதியில் இன்னொரு அடுக்குத் தோலோ உறையோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெர்பியில் முதலில் தேய்ந்து ஓட்டையாவது முன்னங்கால் நுனிதான். பூட் மூக்குக்குத் தனி உறை வாங்கி மாட்டிவிட்டால் பூட்டின் ஆயுள் நன்றாகவே கூடும்.

பிளேட் விஷயத்தில் பலருக்கு அலுமினியம் என்றதுமே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். அலுமினியம் வளையாது, கொடுத்த விசை உடனே சக்கரத்துக்குப் போகும். உடல் எடை கூடியவர்களுக்கும் பலமாகத் தள்ளுபவர்களுக்கும் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் பெயர்பெற்ற நிறுவனங்களின் இழை கலந்த நைலான் பிளேட்கள் தொடக்கக்காரருக்கு முழுதாகப் போதும். லேசாகவும் இருக்கும், தரையின் அதிர்வைக் கொஞ்சம் உறிஞ்சவும் செய்யும். நைலானில் ஆடியே நல்ல ஆட்டக்காரர்களாக வளர்ந்தவர்கள் நிறையப் பேர். பொருத்தமான பூட்டில் நைலான் பிளேட்டா, பொருந்தாத பூட்டில் அலுமினியமா என்று கேட்டால் நான் யோசிக்காமல் முதலாவதைச் சொல்வேன். பிளேட்டைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றிக்கொள்ள முடிகிறதா என்பதே தரத்தின் ஒரு நல்ல அடையாளம். பிளேட் பூட்டோடு போல்ட்டும் நட்டும் போட்டு மாட்டப்பட்டிருக்கிறதா, ரிவெட் அடித்து நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா? டோ ஸ்டாப் திருகுத் தண்டில் ஏறி இறங்கும்படி இருக்கிறதா, ஒரே உயரத்தில் பதிக்கப்பட்டிருக்கிறதா? குஷன், பிவட் கப் (டிரக்கின் முனை உட்காரும் சிறு கிண்ணம்), ஆக்சில் நட் எல்லாம் தனித்தனியாக வாங்கக் கிடைக்கின்றனவா? பிளேட்டின் மேல் அதைச் செய்தவர் பெயர் இருக்கிறதா? இவற்றில் எதையும் மாற்ற முடியாது, பெயரும் இல்லை என்றால் அது பூங்காவில் பொழுதுபோக்க ஏற்ற ஸ்கேட். முட்டி மோதி ஆடத் தாங்காது.

பிளேட் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். முன் ஆக்சில் பெருவிரலின் அடிமூட்டுக்கு நேர் கீழே, அல்லது அதற்குச் சற்றே பின்னால் இருப்பது வழக்கம். நீங்கள் எடை போட்டுத் தள்ளும் இடம் அதுதான். பூட் பெரிதானால் உங்கள் மூட்டு இந்த இடத்தைத் தவறவிடுகிறது. நீளத்தைக் கூட்டி வாங்குவதால் வரும், வெளியே தெரியாத இன்னொரு கெடுதல் இது. ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, குதிகாலின் நடுவிலிருந்து இரண்டாம் விரல் இருக்கும் இடம் வரை கண்ணால் ஒரு கோடு போடுங்கள், பிளேட் அந்தக் கோட்டில் கிடக்க வேண்டும். பிறகு சமமான மேசையில் வையுங்கள். நான்கு சக்கரமும் தொட வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் பயப்படும் முன் குஷன்களின் இறுக்கத்தைப் பாருங்கள், முன்னும் பின்னும் சமமில்லாமல் இறுக்கியிருப்பதாலும் இது வரும். இறுக்கத்தைச் சரிசெய்த பிறகும் ஒரு சக்கரம் தூக்கி நின்றால் ஆக்சில் வளைந்திருக்கலாம், பிளேட்டோ அடிப்பாகமோ கோணியிருக்கலாம். அதை வாங்காதீர்கள்.

குஷன் என்பது டிரக்குக்குள் இருக்கும் அந்த ரப்பர் போன்ற வளையம். ஜேம்ஸ் பிளிம்ப்டன் 1863இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஸ்கேட்டில்தான் உடலைச் சாய்த்தால் ஸ்கேட் தானாகத் திரும்பும் அமைப்பு முதன்முதலில் நன்றாக வேலை செய்தது. நீங்கள் வாங்கப்போவதும் அதே தத்துவம்தான்: சாய்வு குஷனை அழுத்துகிறது, ஆக்சில் திரும்புகிறது, குஷன் பழைய நிலைக்குத் தள்ளுகிறது. உங்கள் எடைக்கு இந்தக் குஷன் ரொம்பக் கடினமாக இருந்தால் ஸ்கேட் திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், ரொம்ப மென்மையாக இருந்தால் காலடியில் தள்ளாடும். 'இந்த ஸ்கேட் சரியில்லை' என்று என்னிடம் வரும் புகார்களில் பல, வெறும் குஷன் புகார்கள். எடை குறைந்தவர்கள் மென்மையான குஷனையும் எடை கூடியவர்கள் கடினமான குஷனையும் போட்டுப் பார்க்க வேண்டும். நிறம் கடினத்தைக் குறிக்கும், ஆனால் நிறத்தின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். குஷன் வழியாகப் போகும் போல்ட்டான கிங்பின்னின் நட்டைக் கால் சுற்று மட்டும் திருகி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து, மறுபடி கால் சுற்று என்று போங்கள். ரொம்பத் தளர்த்தினால் பிவட் முனை அதன் கிண்ணத்திலிருந்து நழுவும், சாயும்போது சக்கரம் பிளேட்டிலோ பூட்டிலோ உரசும். அது ஆளைக் கீழே தள்ளிவிடும்.

கிங்பின் சாய்வைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். 10 டிகிரி, 15 டிகிரிக்குப் பக்கத்தில் உள்ளவை நிலையாக நிற்கும், 45 டிகிரி பிளேட்கள் லேசாகச் சாய்த்தாலே வேகமாகத் திரும்பும். முதல் வருடத்தில் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பதற்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை. எடை ஏறாத சக்கரம் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்பது உங்கள் எடையைத் தாங்கும்போது அது எப்படி உருளும் என்பதைச் சொல்லாது. கிரீஸ் நிறைந்த புதிய பேரிங் கையில் மெதுவாகச் சுற்றும், தரையில் அருமையாக ஓடும். பேரிங்குக்குப் போடும் ஏபெக் எண்ணும் அப்படித்தான். பேரிங்கின் அளவுகள் எவ்வளவு துல்லியம் என்று அது சொல்கிறது. பக்கவாட்டில் அடி வாங்குவதைத் தாங்குமா என்று சொல்வதில்லை. சுத்தமாக வைத்திருக்கும் சாதாரண பேரிங், தூசி பிடித்த 9ஆம் எண் பேரிங்கைவிட நன்றாக ஓடும். ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: ஆக்சில் 7 மில்லிமீட்டரா, 8 மில்லிமீட்டரா? பேரிங்கின் வெளிவிட்டம் இரண்டிலும் 22 மில்லிமீட்டர்தான், உள்துளை மட்டும் வேறு. 7 மி.மீ. ஆக்சிலில் 8 மி.மீ. பேரிங் போட்டால் சக்கரம் ஆடும்.

சக்கரத்தின் கடினத்தை 'ஏ' அளவுகோலில் எண்ணாகப் போட்டிருப்பார்கள். 78ஏ, 80ஏ போன்றவை மென்மையானவை, சாலைக்கு ஏற்றவை. உள்ளரங்கில் ஆடுபவர்கள் பெரும்பாலும் 88ஏ முதல் 97ஏ வரை போடுகிறார்கள். மெருகேற்றிய வழுக்கும் தரைக்கு இந்த வரிசையின் மென்மையான பக்கம், பிடிக்கும் தரைக்குக் கடினமான பக்கம். எடை கூடிய ஒருவருக்கு 92ஏ நன்றாகப் பிடிக்கும், அதே சக்கரம் எடை குறைந்தவருக்கு வழுக்கும். எனவே அணியில் இன்னொருவர் போடுகிறார் என்பதற்காக அதையே வாங்காதீர்கள், கடன் வாங்கி ஓட்டிப் பாருங்கள். விட்டம் 59 அல்லது 62 மில்லிமீட்டர் இருந்தால் டெர்பிக்குச் சரி. ஸ்கேட்டோடு வரும் சக்கரத்தை வைத்து ஸ்கேட்டை மதிப்பிடவே வேண்டாம், எப்படியும் ஒருநாள் மாற்றத்தான் போகிறீர்கள்.

பழைய ஸ்கேட் கிடைத்தால் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிளேட்டுக்காக வாங்கலாம், பூட்டுக்காக யோசித்து வாங்குங்கள். முந்தையவர் காலின் வடிவம் அதற்குள் பதிந்திருக்கும், குதிகால் சுவர் துவண்டிருந்தால் திரும்ப நிமிராது. நைலான் பிளேட்டில் கிங்பின்னைச் சுற்றியும் டோ ஸ்டாப் துளையைச் சுற்றியும் வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள், மயிரிழை விரிசல் இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி ஆக்சிலின் திருகுமரை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குஷன் காய்ந்து வெடித்திருந்தால் பரவாயில்லை, அது மாற்றக்கூடியது. ஹெல்மெட்டும் முழங்கால் பேடும் மட்டும் புதிதாகவே வாங்குங்கள். ஸ்கேட்டுக்குப் பணம் போதவில்லை என்று பேடில் பிடித்தம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை.

இனி உங்கள் இரண்டு ஜோடிக்கு வருகிறேன். முதல் ஜோடியைப் போட்டு, மேலே சொன்னபடி லேஸ் கட்டி, மடங்கி நின்று பாருங்கள். விரல் விலகினால், குதிகால் எழாவிட்டால், இருபது நிமிடம் கழித்தும் ஒரே இடத்தில் குத்தாவிட்டால், அதை வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு இறுக்கம் தோல் என்பதால் தளரும். மடங்கி நின்றும் விரல் அழுந்தினால், அதே பூட்டில் அரை அளவு கூட்டிக் கேளுங்கள், வேறு ஜோடிக்குத் தாவ வேண்டாம். இரண்டாவது ஜோடிக்கும் அதே வாய்ப்பைக் கொடுங்கள். மடங்கி நிற்கும்போது விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் காலியாக இருந்தால், அலுமினியம் என்பதற்காக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கம்பளத்தின் மேல் செய்யுங்கள். சக்கரத்திலும் டோ ஸ்டாப்பிலும் தரையின் தடம் பட்ட ஸ்கேட்டைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது. வைத்துக்கொள்ளும் ஜோடியில், முதல் சில பயிற்சிகளுக்குப் பிறகு இன்சோலைத் தூக்கிப் பிளேட் போல்ட்களை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். புதுத் தோல் அழுந்தியதும் அவை தளர்ந்திருக்கும்.